3 மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் குறையவில்லையா? காரணம் ஒரு சின்னக் கட்டியாக இருக்கலாம்

"மூணு மாத்திரை சாப்பிடுறேன். உப்பையும் குறைச்சாச்சு. தினமும் நடக்கிறேன். ஆனாலும் பிரஷர் இறங்க மாட்டேங்குது."

இப்படிச் சொல்பவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சிங்கப்பூரில் 18 முதல் 74 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. மலேசியாவில் பெரியவர்கள் 10 பேரை எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 3 பேருக்கு இருக்கிறது.

அவர்களில் பெரும்பாலோருக்கு "இதுதான் காரணம்" என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. வயது, பரம்பரை, எடை, உப்பு, மன அழுத்தம் எனப் பல சேர்ந்துதான் அழுத்தத்தைக் கூட்டுகின்றன.

ஆனால் ஒரு பகுதியினருக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு ஹார்மோன். அதன் பெயர் ஆல்டோஸ்டிரோன். அது கூடுவதால் வரும் நோயை ஆங்கிலத்தில் 'பிரைமரி ஆல்டோஸ்டிரோனிசம்' என்கிறார்கள். கண்டுபிடித்தால் குறிப்பிட்ட சிகிச்சை உண்டு. சிலருக்கு முழுமையாகக் குணமாகவும் வாய்ப்பு உண்டு. கண்டுபிடிக்காமல் விட்டால் இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் அது மெல்ல மெல்லச் சிதைக்கும்.

அது என்ன நோய்? யாருக்கு வரும்? ஆய்வாளர்கள் எதுவரை வந்திருக்கிறார்கள்? பார்ப்போம்.

அந்த ஹார்மோன் எங்கே சுரக்கிறது?

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் ஆளுக்கொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பெயர் அட்ரினல். ஒவ்வொன்றின் எடையும் சில கிராம்தான். ஆனால் அது செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

சுரப்பியின் நடுப்பகுதி அட்ரினலினைச் சுரக்கும். பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அது அதன் வேலை. அதைச் சுற்றியிருக்கும் புறப்பகுதியில் மூன்று அடுக்குகள் உள்ளன. ஆக வெளியே இருக்கும் அடுக்குதான் ஆல்டோஸ்டிரோனைத் தயாரிக்கிறது.

உடம்பில் உப்பைக் காப்பாற்றி வைப்பது ஆல்டோஸ்டிரோனின் பொறுப்பு. சிறுநீரில் வெளியேறப் போகும் சோடியத்தைத் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும்படி அது சிறுநீரகத்துக்கு உத்தரவிடும். சோடியம் வந்தால் கூடவே தண்ணீரும் வரும். அதற்கு மாற்றாகப் பொட்டாசியம் வெளியே போகும்.

உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் மனிதனைக் காப்பாற்றிய ஏற்பாடு இது. வயிற்றுப்போக்கோ ரத்த இழப்போ ஏற்பட்டால் இன்றும் உயிரைத் தாங்கிப் பிடிப்பது இந்த ஹார்மோன்தான்.

பிறகு எங்கே சிக்கல்?

கழிவறைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் உள்ளே இருக்கும் மிதவை கீழே இறங்கும், குழாய் திறக்கும். தொட்டி நிறைந்ததும் மிதவை மேலே வரும், குழாய் மூடிக்கொள்ளும்.

உடம்பில் அந்த மிதவையின் வேலையைச் செய்வது ரெனின். சிறுநீரகம் சுரக்கும் பொருள் அது. ரத்த அழுத்தமோ உப்போ குறைந்தால் ரெனின் கூடும். அதைத் தொடர்ந்து ஆல்டோஸ்டிரோன் கூடும். போதுமான அளவு வந்ததும் ரெனின் இறங்கும், ஆல்டோஸ்டிரோனும் இறங்கும்.

இந்த நோய் உள்ளவர்களுக்குத் தொட்டி நிறைந்துவிட்டது, மிதவையும் மேலே போய்விட்டது, ஆனால் குழாய் மூடவில்லை. ரெனின் அடியோடு குறைந்த பிறகும் அட்ரினல் சுரப்பி தன்போக்கில் ஆல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உப்பும் தண்ணீரும் உடம்பில் சேர்கின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது.

குழாய் பழுதாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்:

- ஒரு பக்கச் சுரப்பியில் ஹார்மோனைச் சுரக்கும் சிறு கட்டி
- இரண்டு பக்கச் சுரப்பிகளும் சேர்ந்தே அளவுக்கு மீறிச் சுரப்பது

சிகிச்சை எதுவென்று தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

கட்டி என்றால் புற்றுநோயா?

இந்தச் சொல்லைக் கேட்டதும் பயம் வருவது இயல்பு. ஆனால் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் கட்டிகள் ஏறக்குறைய எல்லாமே சாதாரணக் கட்டிகள். மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. பல கட்டிகள் 2 சென்டிமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. சில ஸ்கேனிலேயே தெரியாத அளவு சிறியவை.

ஹார்மோன் கட்டிகளின் ஆபத்தை அளவை வைத்து எடைபோட முடியாது. அவை எதைச் சுரக்கின்றன என்பதுதான் முக்கியம். அதே அட்ரினலில் கார்ட்டிசோலைச் சுரக்கும் கட்டி வந்தால் முகம் உப்பும், வயிறு பெருக்கும், எலும்பு பலவீனமாகும். அட்ரினலினைச் சுரக்கும் கட்டி வந்தால் திடீர் திடீரென்று படபடப்பும் வியர்வையும் தலைவலியும் வரும். ஆல்டோஸ்டிரோன் கட்டி மட்டும் வெளியே எதையும் காட்டாமல் சத்தமின்றி வேலை செய்யும். அதனால்தான் அது இத்தனை எளிதாகத் தப்பித்துவிடுகிறது.

யார் கண்டுபிடித்தது?

1953ஆம் ஆண்டு லண்டனில் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் இருவரும் சுவிட்சர்லந்து வேதியியலாளர்களுடன் சேர்ந்து ஆல்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு போலந்து மருத்துவர் மிஹாவ் லிட்டின்ஸ்கி, அட்ரினல் கட்டியோடு உயர் ரத்த அழுத்தமும் இருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். போலிஷ் மொழியில் வந்ததால் அந்தக் கட்டுரை வெளியுலகின் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவர் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்படும் வீரர்களின் உடல் எப்படிச் சூட்டுக்குப் பழகுகிறது என்று அவர் ஆராய்ந்தார். சில நாள்களில் வியர்வையில் வெளியேறும் உப்பு குறைந்துவிடுவதையும், அதன் பின்னணியில் அட்ரினல் சுரப்பி இருப்பதையும் கவனித்தார். நம்மைப் போன்ற வெயில் நாட்டவரின் உடம்பு அன்றாடம் செய்யும் வேலை அது.

1954இல் அவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஏழு ஆண்டுகளாக அவருக்குத் தசைப்பிடிப்பு, அவ்வப்போது கால்கள் செயலிழந்துபோவது. உயர் ரத்த அழுத்தமும் இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. வியர்வையை ஆராய்ந்த அனுபவம் கானுக்குக் கைகொடுத்தது. அட்ரினல் உப்பை விடாமல் பிடித்துவைக்கிறது என்று அவர் கணித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு பக்கச் சுரப்பியில் கட்டி இருந்தது. அதை எடுத்த பிறகு பல ஆண்டுத் தொல்லைகள் பெரும்பாலும் நீங்கின.

இன்றும் பல மருத்துவர்கள் இந்த நோயைக் 'கான் நோய்' என்றுதான் சொல்கிறார்கள்.

அவ்வளவு அரிதான நோயா இது?

அரிது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 20 விழுக்காட்டினர் வரை இந்த நோய் இருக்கக்கூடும் என்று 1960களில் கான் சொன்னபோது யாரும் அதை ஏற்கவில்லை. ஒரு விழுக்காடுகூட இருக்காது என்று பாடநூல்கள் எழுதின.

காரணம் இதுதான். பொட்டாசியம் குறைவாக இருந்தால் மட்டுமே மருத்துவர்கள் இந்த நோயைச் சந்தேகித்தார்கள். ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் வழக்கமான அளவிலேயே இருக்கும். தேடிய இடம் தவறு, கிடைத்தது கொஞ்சம்.

1980களுக்குப் பிறகு ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் சேர்த்து அளந்து ஒப்பிடும் முறை பரவியது. எண்ணிக்கை சட்டென்று கூடியது. சிங்கப்பூரில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 350 பேரிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதைக் காட்டியது. அவர்கள் அடிப்படை மருந்தகங்களுக்கு வந்துபோன சாதாரண நோயாளிகள்.

இன்றைய மதிப்பீடு என்ன?

- உயர் ரத்த அழுத்தம் உள்ள எல்லாரையும் எடுத்துக்கொண்டால் 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேர்
- மூன்று மருந்து சாப்பிட்டும் அழுத்தம் அடங்காதவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்

ஆனால் பரிசோதனை செய்துகொள்பவர்கள் மிகச் சிலரே. அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் கொண்ட 2 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் அதிகமான முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அவர்களில் இந்தப் பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பரிசோதனை செய்தே ஆக வேண்டிய கூட்டத்தின் நிலையே அது.

பிரஷர்தானே, மாத்திரையைக் கூட்டினால் போதாதா?

நியாயமான கேள்வி. இங்குதான் இந்த நோயின் உண்மையான ஆபத்து இருக்கிறது.

ஆல்டோஸ்டிரோன் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை. இதயத் தசையிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் சிறுநீரகத்திலும் நேரடியாகவே வீக்கத்தையும் தழும்பையும் உண்டாக்குகிறது. எனவே ஒரே அளவு ரத்த அழுத்தம் உள்ள இருவரில், ஆல்டோஸ்டிரோன் கூடியவருக்குச் சேதம் அதிகம்.

2018இல் வெளியான ஆய்வு ஒன்று, முன்பு நடந்த 31 ஆய்வுகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. சாதாரண உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், இந்த நோய் உள்ளவர்களுக்கு:

- பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு
- ஒழுங்கற்ற இதயத் துடிப்பு ஏற்படும் வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு
- இதயம் செயலிழக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு

வழக்கமான மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போனால் கருவியில் தெரியும் எண் ஓரளவு இறங்கலாம். ஹார்மோன் செய்யும் சேதம் நிற்காது. இந்த நோயை 30, 40 வயதில் கண்டுபிடிப்பதற்கும் பக்கவாதம் வந்த பிறகு கண்டுபிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடும்.

கட்டி ஏன் உருவாகிறது?

2011 வரை இதற்கு விடை இல்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் தலைமையிலான குழு, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட 22 கட்டிகளை ஆராய்ந்தது. அவற்றில் 8 கட்டிகளில் கேசிஎன்ஜே5 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருந்தது.

அந்த மரபணு என்ன செய்கிறது? அட்ரினல் உயிரணுவின் சுவரில் பொட்டாசியத்தை மட்டும் அனுமதிக்கும் ஒரு வாசலைக் கட்டுகிறது. மரபணுவில் ஓர் எழுத்து பிசகினால் வாசல் ஆள் தெரியாமல் சோடியத்தையும் உள்ளே விடுகிறது. அதனால் உயிரணுவின் மின்நிலை மாறுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. "ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கணும்" என்று உயிரணு தப்பாகப் புரிந்துகொள்கிறது. சுரந்துகொண்டே இருக்கிறது, பெருகவும் செய்கிறது.

ஒரே ஓர் எழுத்துப் பிழையிலிருந்து கட்டியும் ரத்த அழுத்தமும் இரண்டுமே வருகின்றன என்பது மருத்துவ உலகை வியக்கவைத்தது. இந்த மாற்றம் ஐரோப்பியர்களைவிடக் கிழக்காசிய நோயாளிகளிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம் காணப்படுவது பிறகு தெரியவந்தது.

அடுத்த கட்ட ஆய்வில் மலேசியாவுக்கும் முக்கியப் பங்குண்டு. பிரிட்டனில் பேராசிரியர் மோரிஸ் பிரவுனின் குழுவில் இருந்த எலினா அஸிஸான், சோடியத்தை வெளியேற்றும் ஏடிபி1ஏ1, கால்சியத்தை உள்ளே விடும் சிஏசிஎன்ஏ1டி ஆகிய மரபணுக்களின் மாற்றங்களை 2013இல் சகாக்களுடன் வெளியிட்டார். அந்த வகைக் கட்டிகள் பெரும்பாலும் சிறியவை, ஸ்கேனில் எளிதில் தப்பித்துவிடுபவை. பின்னர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்த அவர், 2021, 2023 ஆண்டுகளில் வெளியான அடுத்தடுத்த மரபணுக் கண்டுபிடிப்புகளிலும் பங்காற்றினார்.

அவற்றுள் ஒன்று பெண்கள் கவனிக்க வேண்டியது. சில கட்டிகளின் மேல், கர்ப்பகால ஹார்மோனுக்கும் மாதவிடாய் தொடர்பான ஹார்மோனுக்கும் பதில் சொல்லும் ஏற்பிகள் மிகுதியாக இருக்கின்றன. ஆகவே பருவமடையும்போதோ கர்ப்பத்தின்போதோ மாதவிடாய் நிற்கும்போதோ அந்த ஹார்மோன்கள் கூடினால் கட்டி விழித்துக்கொள்கிறது. அந்தக் காலக்கட்டத்தில் திடீரென்று கடுமையாக ஏறும் ரத்த அழுத்தத்தை "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அப்படின்னா என் பிள்ளைக்கும் வருமா?" பெரும்பாலும் வராது. இந்த மரபணு மாற்றங்கள் கட்டிக்குள் மட்டும் இருப்பவை. பிறக்கும்போதே உடல் முழுதும் இருப்பவை அல்ல. பரம்பரையாக வரும் வகைகளும் உண்டு, ஆனால் அவை அரிது.

யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

கீழ்க்காணும் ஏதேனும் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மருத்துவரிடம் கேளுங்கள்:

- மூன்று மருந்து சாப்பிட்டும் ரத்த அழுத்தம் அடங்கவில்லை
- பொட்டாசியம் குறைவாக இருக்கிறது
- வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அட்ரினலில் கட்டி தெரிந்தது
- இளம் வயதிலேயே உயர் ரத்த அழுத்தம் வந்துவிட்டது
- குடும்பத்தில் 40 வயதுக்குள் யாருக்காவது பக்கவாதம் வந்தது, அல்லது உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ இந்த நோய் இருக்கிறது
- தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினையும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்து இருக்கின்றன

இப்போது வட்டம் இன்னும் விரிகிறது. உயர் ரத்த அழுத்தம் உறுதியான பெரியவர்கள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிசீலிக்கலாம் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இல் சொன்னது. 2025இல் அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமும் அனைவரையும் பரிசோதிக்கப் பரிந்துரைத்தது.

பரிசோதனை எப்படி நடக்கும்?

முதல் படி எளிது. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பிறகு, சற்று நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுப்பார்கள். ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளப்பார்கள். ஆல்டோஸ்டிரோன் அதிகம், ரெனின் மிகக் குறைவு என்றால் சந்தேகம் வலுக்கும். மிதவை மேலே, குழாய் மட்டும் திறந்திருக்கிறது என்று பொருள்.

சில ரத்த அழுத்த மருந்துகள் முடிவை மாற்றக்கூடும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது பேராபத்து. எதை நிறுத்த வேண்டும், எதற்கு மாற வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். மருந்து மாற்றாமலே முதல் பரிசோதனையைச் செய்து, முடிவை அதற்கேற்பப் படிப்பதும் உண்டு.

சிலருக்கு உறுதிப்படுத்தும் பரிசோதனை தேவைப்படும். நான்கு மணி நேரத்தில் 2 லிட்டர் உப்பு நீரை நரம்பு வழியாகச் செலுத்துவார்கள். சாதாரண உடம்பில் ஆல்டோஸ்டிரோன் உடனே இறங்கிவிடும். இந்த நோய் இருந்தால் இறங்காது.

எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

"ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமே?" அதுதான் இல்லை.

வயது கூடக் கூட அட்ரினலில் எந்த ஹார்மோனையும் சுரக்காத வெறும் கட்டிகள் பலருக்கும் வருகின்றன. சிடி ஸ்கேனில் இடப்பக்கம் ஒரு கட்டி தெரியும். ஆனால் ஹார்மோனைச் சுரப்பது வலப்பக்கத்தில் ஸ்கேனுக்குத் தெரியாத சிறு கட்டியாக இருக்கலாம். தவறான பக்கத்தை எடுத்துவிட்டால் நோய் அப்படியே இருக்கும், ஒரு நல்ல சுரப்பி போய்விடும்.

எனவே தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரண்டு சுரப்பிகளிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். நெடுங்காலமாக மருத்துவர்கள் நம்பியிருக்கும் முறை இது. ஆனால் கடினமானது. வலப்பக்கச் சுரப்பியின் ரத்த நாளம் மிகக் குட்டையானது, உடலின் பெரிய நாளத்தில் நேராகப் போய்ச் சேர்கிறது. அதற்குள் குழாயைக் கொண்டுபோய் நிறுத்த நல்ல பழக்கம் வேண்டும். அந்தத் திறன் கொண்ட மருத்துவர்கள் உலகெங்கும் குறைவு. பலருக்கு நோய் தெரிந்தும் சிகிச்சை தடைபட்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு மாற்றாக வந்திருப்பது மெட்டோமிடேட் பெட் ஸ்கேன். அட்ரினலில் ஹார்மோன் தயாரிக்கும் நொதிகளில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளில் கதிரியக்கக் கார்பனைச் சேர்த்துச் செலுத்துகிறார்கள். வேலை செய்யும் கட்டி படத்தில் பளிச்சென்று தெரிகிறது. சில நிமிடங்களில் ஸ்கேன் முடிந்துவிடும்.

பிரிட்டனில் 143 பேரிடம் இரண்டு முறைகளையும் செய்து ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. அறுவை சிகிச்சையின் பலனை முன்கூட்டிச் சொல்வதில் புதிய ஸ்கேன் பழைய முறைக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. சிங்கப்பூரிலும் சாங்கி பொது மருத்துவமனை மருத்துவர்கள் தலைமையில் இந்த ஸ்கேன் பற்றிய ஆய்வு நடந்திருக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கதிரியக்கக் கார்பன் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். தயாரித்த கையோடு பயன்படுத்த வேண்டும். தயாரிக்கும் இயந்திரம் பக்கத்திலேயே இருந்தால்தான் முடியும். நீண்ட நேரம் தாங்கும் பொருள்களைத் தேடும் ஆய்வுகள் தொடர்கின்றன.

சிகிச்சை என்ன?

*ஒரு பக்கம் மட்டும் என்றால்:* அந்தச் சுரப்பியைச் சிறு துளைகள் வழியாக அகற்றலாம். மீதமுள்ள ஒரு சுரப்பியே உடம்புக்குப் போதும். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 705 பேரின் விவரங்களைப் பல நாட்டு மையங்கள் சேர்ந்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டன. 94 விழுக்காட்டினருக்கு ஹார்மோன் கோளாறு முற்றாக நீங்கியது. 37 விழுக்காட்டினருக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை. மேலும் 47 விழுக்காட்டினருக்கு அழுத்தமோ மாத்திரையின் அளவோ குறைந்தது.

எல்லாருக்கும் ஏன் மாத்திரை நிற்கவில்லை? ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தத்தைத் தாங்கிய ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே விறைத்துப்போயிருக்கும். இளையவர்களுக்கும், நோய் வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்கும் பலன் கூடுதல். சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

*இரண்டு பக்கமும் என்றால்:* இரண்டையும் எடுக்க முடியாது. ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரை கொடுப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்து. நன்றாக வேலை செய்யும். ஆண்களுக்கு மார்பு வீங்குவதும் வலிப்பதும் அதன் பக்கவிளைவு. அப்படி ஏற்பட்டால் எப்லரினோன் போன்ற மாற்று உண்டு. பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறாமல் அவ்வப்போது ரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்து என்ன வருகிறது?

இரண்டு புதிய பாதைகளை ஆய்வாளர்கள் திறந்திருக்கிறார்கள்.

ஒன்று, கட்டியை மட்டும் சுட்டு அழிப்பது. இடப்பக்க அட்ரினல் இரைப்பைக்கு அருகில் இருக்கிறது. வாய் வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பைச் சுவரின் ஊடாக ஊசியைச் செலுத்தி, மின்னலை வெப்பத்தால் கட்டியைக் கருக்கலாம். வயிற்றில் வெட்டு இல்லை, சுரப்பியும் தப்பிக்கிறது. பிரிட்டனில் 28 பேரிடம் நடத்தப்பட்ட தொடக்கநிலைச் சோதனையின் முடிவுகள் 2025இல் வெளியாயின. பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று அவை காட்டின. பெரிய சோதனைகள் இனிதான் உறுதிப்படுத்த வேண்டும்.

இன்னொன்று, ஆல்டோஸ்டிரோன் உற்பத்தியையே தடுக்கும் மருந்துகள். பாக்ஸ்ட்ரோஸ்டாட், லோருண்ட்ரோஸ்டாட் இரண்டும் அந்த வகை. கார்ட்டிசோல் தயாரிக்கும் நொதியும் ஆல்டோஸ்டிரோன் தயாரிக்கும் நொதியும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மட்டும் தடுக்கும் மருந்தை உருவாக்க இத்தனை காலம் ஆனதற்கு அதுவே காரணம். மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில் நல்ல பலன் தெரிந்துள்ளது.

அதிமதுரம் சாப்பிடுகிறீர்களா?

தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சில சீன மருந்துகளிலும் மூலிகைத் தேநீரிலும்கூட அது இருக்கும்.

எப்போதோ ஒரு துண்டு என்றால் கவலையில்லை. ஆனால் அளவுக்கு அதிகமாக நாள்கணக்கில் சாப்பிட்டால் அதில் உள்ள ஒரு பொருள், கார்ட்டிசோலை ஆல்டோஸ்டிரோன் மாதிரி நடிக்க வைத்துவிடும். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நோய் இல்லாமலே நோயின் அறிகுறிகள் வரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தவிர்ப்பது நல்லது. மருத்துவரிடம் போகும்போது நாட்டு மருந்து, கஷாயம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உப்பைக் குறைத்தால் பலன் உண்டா?

நிச்சயம் உண்டு. ஆல்டோஸ்டிரோன் செய்யும் கேட்டுக்கு உப்பும் துணைபோகிறது. ஒரு நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்திக்கொள்ள உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பு. 2022ஆம் ஆண்டு ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக 3,620 மில்லிகிராம் சாப்பிடுகிறார்கள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். முழுதும் விட வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாஸ், உடனடி நூடல்ஸ் ஆகியவற்றில் கை வைக்கும்போது யோசியுங்கள். உணவங்காடியில் மீ சாப்பிட்டால் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடிக்காதீர்கள்.

ஆனால் ஒன்று: பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகும்போது இந்த மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

1. என் பொட்டாசியம் அளவு என்ன?
2. எனக்கு எப்போதாவது ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனை செய்திருக்கிறார்களா?
3. செய்யவில்லை என்றால், எனக்குத் தேவைப்படுமா?

வீட்டில் ரத்த அழுத்தம் அளக்கும் கருவி இருந்தால் ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் அளந்து குறித்து வையுங்கள். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தவறவிடுகிறீர்களா என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். மருந்து பலன் தரவில்லையா, மருந்து உள்ளேயே போகவில்லையா என்பது மருத்துவருக்கு முதலில் தெரிந்தாக வேண்டும்.

உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரும்பாலோருக்கு இந்தப் பரிசோதனை "இல்லை" என்றுதான் சொல்லும். அதுவும் நல்ல செய்திதான். "ஆம்" என்று சொன்னால், ஆண்டுக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் மாத்திரைகளுக்கு நடுவே உண்மையான காரணம் கிடைத்துவிட்டது என்று பொருள். காரணம் தெரிந்த நோய்க்குத் தகுந்த மருந்து கொடுக்கலாம்.